தேவசகாயத்தின் தலைக்கு மேலே ஒரு சொல்

அந்த ஊர்க் காவல் நிலையத்தில் கம்பிக் கதவு கிடையாது. பிடித்து வந்தவர்களைத் தகரக் கொட்டகையில் வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஓர் ஆங்கிலச் சொல் எழுதிய பலகையைத் தொங்கவிடுவார்கள். அதன்பிறகு அவர்களால் எழுந்து போகமுடியாது. சொல்லுக்குத் தகுந்த அடைப்பு.

'இம்ப்ரிஸன்மென்ட்' கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அதற்கு ஒரு கடைசி நாள் உண்டு. அன்றைக்குப் பலகை தானாக விழும். 'கன்ஃபைன்மென்ட்' என்றால் உட்கார்ந்திருக்கும் இடம் சுருங்கிக்கொண்டே வரும். அந்த வரிசையில் ஒருவர் குடத்துக்குள் இருப்பவரைப் போல முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார். சைக்கிள் காணவில்லை என்று புகார் கொடுக்கப் போன தேவசகாயத்துக்கு 'டிடென்ஷன்' போட்டார்கள். விசாரணை வரும்வரை காத்திருக்கவேண்டும், அவ்வளவுதான். காத்திருக்கிறவனுக்குப் பொழுது நகராது.

விசாரணை வந்தபாடில்லை. அவன் மனைவி அமலோற்பவம் தினமும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனாள். அவனுக்கு இன்னும் மத்தியானம் ஆகாததால் பசிக்கவில்லை. பிடித்த அன்று காலையில் சவரம் செய்த முகம் அப்படியே பளபளவென்று இருந்தது. அவளுக்குத்தான் தலை நரைத்தது, பல் ஆடியது. புதிதாக மாற்றலாகி வந்த ஏட்டு பேச்சிமுத்து, "மவனப் பாக்க வந்தியளா?" என்று கேட்டார். அவள் வீட்டுக்குப் போய் அழுது தீர்த்தாள்.

மறுநாள் அவரிடமே போய் நின்றாள். "ஐயா, அவியளுக்கு இம்ப்ரிஸன்மென்ட் போட்டுருங்க. எத்தன வருசம்னாலும் சரி, ஒருநா முடியும்லா."

"அதுக்குக் குத்தம் வேணும்லாம்மா. அவருமேல ஒண்ணுங் கெடையாதே."

"நான் ஒண்ணு செஞ்சு தாரேன்."

"அது ஒங்க தலையிலதான் வந்து விழும்."

ஏட்டு நல்ல மனுஷர். கோணிப்பையில் கிடந்த பலகைகளைத் துழாவி ஒன்றை எடுத்தார். "கஸ்டடி ஒண்ணு கெடக்கு. குத்தம் வேண்டாம், பாத்துக்கிட ஆளு இருந்தாப் போதும். ஆனா பிடிச்ச கைய விடப்பிடாது. விட்டா மறுபடியும் இங்கதான்."

"விடமாட்டேன்," என்றாள் அமலோற்பவம்.

பலகையை மாற்றினார்கள். அவள் கையைப் பிடித்ததும் தேவசகாயத்துக்கு மத்தியானம் ஆகிவிட்டது. பசியோடு அவளை நிமிர்ந்து பார்த்தான். "சோறு கொண்டாறேன்னு சொன்னா எம்பொண்டாட்டி. பாத்தியளாம்மா?"

வீட்டில் அவள் ஒற்றைக் கையால் சமைத்தாள். தூங்கும்போது அவன் கையையும் தன் கையையும் துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். தான் யார் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொள்வான். பிறகு, "கைய விடுங்கம்மா, அவளத் தேடிட்டு வந்துருதேன். பாவம், பயந்து போயிருப்பா," என்பான். அவள் பிடியை இன்னும் இறுக்கிக்கொள்வாள்.

ஒருநாள் ஏட்டு ஏணியும் நீளமான ஒரு பலகையுமாக வந்தார். "போவணும்னு சொல்லுத ஆளப் பிடிச்சு வச்சா அது கஸ்டடி ஆவாதும்மா. கேப்டிவிட்டி."

"ரெண்டு பேருக்கும் ஒரே பலகையா?"

"இதுக்கு அப்படித்தான். பிடிச்சவியளுக்கும் சேத்துத்தான் போடணும்."

அவர் ஆணி அடிக்க மேலே ஏறினார். தரை மேடுபள்ளமாக இருந்தது. ஏணி ஆடாமல் இருக்க, அமலோற்பவம் சும்மா இருந்த கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.