வந்துட்டுப் போயிட்டா

"அவளா? வந்துட்டுப் போயிட்டா."

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, போனில் எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். நான் நன்றி சொல்லிவிட்டு அடுத்த எண்ணைப் படித்தேன்.

எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தின் ஒருங்கிணைப்பாளர் நான். அந்தப் பக்கம் இதே வேலையைப் பார்ப்பவரை நேரில் பார்த்ததில்லை. 'எதிர்ப்பக்கத்து அக்கா' என்றுதான் என் போனில் பதிந்திருக்கிறேன். இங்கே மாத்திரை வாங்குகிறவர்கள் அங்கே குடிபோவதும், அங்கே இருப்பவர்கள் இங்கே வருவதும் ஓயாமல் நடக்கும். அதனால் மாதக் கடைசி வெள்ளியில் நாங்கள் இருவரும் பட்டியலை வைத்துக்கொண்டு உட்காருவோம். நான் எண்ணைச் சொல்வேன், அவர் ஆளைச் சொல்வார்.

அன்று நான் கேட்டது நூற்றுப் பன்னிரண்டாம் எண். வந்தாள், மாத்திரை வாங்கினாள், வீட்டுக்குப் போனாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். வந்தாள், கடிதத்தில் சீல் இல்லை, திருப்பி அனுப்பினோம், உங்கள் பக்கமே போய்விட்டாள் என்பதைத்தான் அக்கா சொல்லியிருக்கிறார். அவர் பட்டியலில் அவள் எங்கள் ஆள். என் பட்டியலில் அவள் அவர்கள் ஆள். இரண்டு பட்டியலும் சுத்தமாக இருந்தன.

எங்கே போயிட்டா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வாய் திறந்தது கூட எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை மேலதிகாரிகளின் ஆய்வு. காணாமல் போனவர்கள் என்ற பத்தியில் ஏற்கெனவே பதினெட்டுப் பேர். பத்தொன்பதாவது ஆள் எனக்கு வேண்டியிருக்கவில்லை. காது தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டது.

நூற்றுப் பன்னிரண்டை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லைக் கேட்டில் தலைச்சுமை தூக்குகிறவள். லாரியில் போகிற சரக்குக்கு வரி, தலையில் போகிற மூட்டைக்கு வரி இல்லை. அதனால் நாள் சீட்டு வாங்கிக்கொண்டு நூறு பெண்கள் காலையிலிருந்து மாலை வரை மூட்டையோடு போய் வருவார்கள். அவர்களில் மூட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாய் மூடாதவள் அவள் ஒருத்திதான். மையத்துக்கு வந்த முதல் நாள், ரகசியமாக இருக்க ஒரு புனைபெயர் சொல்லும்மா என்று கேட்டேன். "ரேடியோன்னே எழுதுங்க. ரகசியம்னா ரேடியோதானே" என்றாள். கம்பவுண்டர் சிரித்துச் சிரித்து மாத்திரை எண்ணிக்கையைத் தவறவிட்டார்.

எனக்கு டீச்சரக்கா என்று பெயர் வைத்ததும் அவள்தான். சந்தையில் என்னை நர்ஸம்மா என்று கூப்பிட்டால் என்ன வியாதி என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். டீச்சர் என்றால் ஒருவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மெல்ல மெல்ல மையத்துக்கு வருகிற முந்நூறு பேருக்கும் நான் டீச்சரக்கா ஆனேன்.

லாரி வரிசையில் ஆணுறை கொடுக்கப் போகும்போது அவளைத்தான் கூட அழைத்துப்போவேன். எனக்கு இன்றும் அந்த வரிசையில் நடக்கக் கூசும். அவள் படிக்கட்டில் ஏறி டிரைவரின் முகத்துக்கு நேராகப் பேசுவாள். "வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டிட்டே. வண்டிக்காரனுக்கு யாருய்யா கட்டுவா? இந்தா, பிடி." வாங்காதவர் குறைவு.

போன வருடம் தங்கச்சிக்குப் பிரசவம், அந்தப் பக்கம் ஆறு மாதம் போய் இருக்கவேண்டும், மாற்றல் கடிதம் கொடுங்கள் என்று வந்து நின்றாள். கடிதம் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். சீல் கம்பவுண்டரின் இழுப்பறையில் இருந்தது. அவர் மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார், சாவியோடு. நாளைக்கு வா என்று சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு அன்றே கிளம்பவேண்டும். "கையெழுத்து போதும், மிச்சத்தை நான் போன்ல சொல்லிக்கிறேன்" என்று இரண்டு வார மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினேன். சொல்லவில்லை. அன்று மதியம் வேறு ஏதோ தலைபோகிற வேலை. என்ன வேலை என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

அவளைத் திருப்பி அனுப்பிய அதே வாரம் கேட்டில் ஏதோ தகராறு, நாள் சீட்டை நிறுத்திவிட்டார்கள். பாஸ்போர்ட் இருந்தால்தான் வரலாம். மூட்டை தூக்குகிறவளுக்கு ஏது பாஸ்போர்ட்? தங்கச்சி வீட்டிலேயே, அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். தங்கச்சி புருஷனின் போனிலிருந்து மூன்று முறை எனக்கு மிஸ்டு கால் கொடுத்திருக்கிறாள். நான் திரும்பக் கூப்பிட்டபோது ஒரு ஆண் குரல் எடுத்தது. வேறு யார் எடுத்தாலும் நம்மை யாரென்று காட்டிக்கொள்ளக் கூடாது, அது எங்கள் விதி. ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அந்தச் செவ்வாய்க்கிழமைதான். சீட்டை மறுபடி கொடுக்கத் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. காலை பதினோரு மணிக்கு ஒரு இளம்பெண், முதுகு வளைந்த ஒரு பெண்மணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். அம்மாவைக் கூட்டி வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"டீச்சரக்கா, நாற்காலி எங்க இருக்குன்னு சொல்லிட்டு இழுங்க. கண்ணு சரியில்ல" என்றாள் அந்தப் பெண்மணி.

குரல் மட்டும் அப்படியே இருந்தது.

டாக்டரம்மா பார்த்தார். தலைவலி மூன்று வாரமாக. பார்வை மங்கல். கழுத்தை மடக்க முடியவில்லை. "எத்தனை விரல் தெரியுது?"

"விரலை விடுங்க. நீங்களே ரெண்டு பேரா தெரியறீங்க. ஒரு டாக்டரம்மாகிட்டயே திட்டு வாங்க முடியாது எனக்கு."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. என்னை வெளியே அழைத்துச் சொன்னார். எதிர்ப்புச் சக்தி அடியோடு போய்விட்டது. மூளையைச் சுற்றிய உறையில் பூஞ்சைத் தொற்று. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் நரம்பில் மருந்து ஏற்றவேண்டும். ஏற்றினால் பிழைப்பது பாதிக்குப் பாதி. ஏற்றாவிட்டால் நாள் கணக்கு. கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அங்கே சேர்க்கமாட்டார்கள், கூட வந்திருக்கிற தங்கச்சியைத் தயார் செய்யுங்கள்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். மூன்று மணிக்கு வரும் என்றார்கள். மூன்று மணிக்கு என்றால் ஐந்து என்று எங்களுக்குத் தெரியும்.

தங்கச்சி எல்லாவற்றுக்கும் சரி என்றாள். குழந்தையை மாமியாரிடம் விட்டு வந்திருக்கிறாள், இரண்டு வாரம் சமாளித்துக்கொள்ளலாம் என்றாள். நல்ல பெண். ஆனால் வாய் ஓயவில்லை. அக்காவுக்கு என்ன நோய் என்று அவளுக்குத் தெரிந்தே இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த அதிர்ச்சி முழுவதும் வசவாக வந்துகொண்டிருந்தது.

"மாத்திரை போட்டா நூறு வயசு இருக்கலாமாம். இவளுக்கு அதைப் போடச் சோம்பேறித்தனம். கேட்டா, ஆமாடி விட்டுட்டேன்னு சொல்றா, என்னமோ பால் பொங்கிப்போன மாதிரி. ஊருக்கே புத்தி சொன்னவ! நீங்களே சொல்லுங்க டீச்சரக்கா, இவளை என்ன பண்றது?"

ரேடியோ பெஞ்சில் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். "திட்டட்டும் விடுங்க. ரேடியோவுக்கே ரேடியோ பொறந்திருக்கு" என்றாள்.

சோம்பேறி என்ற சொல் ஒவ்வொரு முறை வரும்போதும் எனக்கு உடம்பு கூசியது. ஆறு வருடத்தில் ஒரு நாள் தேதி தவறி வந்தவளல்ல அவள். கடிதத்தில் சீல் இல்லை என்று அங்கே திருப்பி அனுப்பியதை டாக்டரம்மாவிடம், தங்கச்சி கழிவறைக்குப் போயிருந்த நேரத்தில், இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டிருந்தாள். தங்கச்சியிடம் சொல்லவில்லை. ஏன் என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருந்தன்மைக்குக் கீழே உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் கையைத் தடவித் தேடிப் பிடித்தாள். "டீச்சரக்கா, ஒண்ணும் பேசவேண்டாம்" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஒருமுறை சொன்னார், உனக்கு மன்னிப்புக் கேட்பது பசி மாதிரி, நேரத்துக்குக் கேட்காவிட்டால் உன்னால் இருக்க முடியாது, கேட்டபிறகு எதிராளிதான் உன்னைத் தேற்றவேண்டும் என்று. அதற்காக அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

மணி இரண்டு இருக்கும். தங்கச்சி மறுபடி ஆரம்பித்தாள். "சோம்பேறி மட்டுமா, பொய்க்காரி..."

"அவங்க மேல தப்பில்லம்மா" என்றேன். "நான் கொடுத்த கடிதத்துல சீல் வைக்கல. அதான் அங்க மருந்து கொடுக்கல. போன்ல சொல்றேன்னு சொன்னேன், சொல்லல. அப்புறம் விசாரிக்காமலேயே வந்து சேர்ந்துட்டாங்கன்னு எழுதிட்டேன். எல்லாம் என் தப்பு."

சொல்லி முடித்த அந்தக் கணத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதவேண்டும். லேசாக இருந்தது. காலிலிருந்து செருப்பைக் கழற்றிய மாதிரி.

தங்கச்சி என்னையே பார்த்தாள். கோபத்தை எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு சீலா?"

"ஆமாம்மா."

"அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கடிதம் நீங்கதான் எழுதறீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "அக்கா, எழுந்திரு."

டாக்டரம்மா ஓடி வந்தார். நிலைமையைச் சொன்னார், கெஞ்சினார், கடைசியில் அதட்டியும் பார்த்தார். தங்கச்சி எதையும் மறுக்கவில்லை. "பாதிக்குப் பாதின்னு சொன்னீங்க. அது எல்லாம் சரியா நடந்தாத்தானே? நாலு மணி நேரம் வண்டில போய், தெரியாத ஊர்ல, இன்னும் எத்தனை சீல், எத்தனை மேசை? ஏதாவது ஒரு மேசைல ஒருத்தர் மறந்துட்டா, ரெண்டு வாரம் கழிச்சு நான் தனியா நின்னு உடம்பை வாங்கிட்டு வரணும். எங்க வீட்டுல படுத்துக்கட்டும். என் கண் முன்னாடி இருக்கட்டும்."

"நான் கூட வந்து இருக்கேன்" என்றேன். "ரெண்டு வாரமும் நானே இருக்கேன்."

"நீங்களா?" என்றாள். அவ்வளவுதான்.

ரேடியோவைத் தூக்கி நிறுத்த அவளுக்கு நான் உதவவேண்டியிருந்தது. அப்போது என் காதருகே பேசினாள். இத்தனை வருடத்தில் அவள் குரல் மாறிக் கேட்டது அப்போதுதான்.

"ஏன் சொன்னீங்க? நான் சோம்பேறின்னு சத்தியம் பண்ணி, காலைப் பிடிச்சு இவளைக் கூட்டிட்டு வந்தேன். தப்பு உங்க பக்கம்னு தெரிஞ்சா வரமாட்டான்னு எனக்குத் தெரியாதா? என் மேல தப்புன்னா திட்டுவா, ஆனா வருவா."

"இல்ல, நான்..."

"இவ இல்லாம நான் எங்க இருக்க முடியும் டீச்சரக்கா? கண்ணும் இல்ல."

டாக்டரம்மா ஏதோ மாத்திரைப் பட்டையைப் பையில் திணித்தார். சில நாளுக்குத் தாங்கும் என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. தங்கச்சி தடுக்கவில்லை. இருவரும் படியிறங்கினார்கள். நான் பின்னாலேயே தெருமுனை வரை போனேன். கம்பவுண்டர் வந்து என் முழங்கையைப் பிடித்து, "மேடம், நீங்க போகப் போக அவங்க வேகமா நடக்கறாங்க. அந்தம்மாவுக்கு நடக்க முடியல" என்றார். நின்றுவிட்டேன்.

அந்த ஆம்புலன்ஸ் ஒரு நாளும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. அன்று மூன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்து நின்றது. டிரைவர் இறங்கி, பேஷண்ட் எங்கே என்றார்.

நான் எதிர்ப்பக்கத்து அக்காவைக் கூப்பிட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அங்கேயாவது பிடித்து நிறுத்துங்கள், உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள், சீலோ கடிதமோ எது வேண்டுமானாலும் நானே கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பேசிக்கொண்டே கேட்டை நோக்கி ஓடினார். மூச்சு இரைப்பது கேட்டது. பின்னால் லாரிகளின் ஹாரன்.

"கேட்டுக்கு வந்துட்டேன். அவ முகம் எனக்கு நினைவில்ல, ஒரு தடவைதான் பார்த்தது. என்ன கலர் கட்டியிருக்கா?"

மூன்று மணி நேரம் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்வது, எப்போது சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தெரியல அக்கா."

"தங்கச்சி?"

"தெரியல. ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி நடக்க முடியாம இன்னொருத்தி மேல சாஞ்சுக்கிட்டு வருவா."

ஹாரன்களுக்கு நடுவே அக்கா யாரையோ வழி விடச் சொல்வது கேட்டது. பிறகு அக்கா சொன்னார்:

"சீட்டு திறந்ததுலேர்ந்து ஆஸ்பத்திரி போயிட்டு இங்க பாதிப் பேரு அப்படித்தான்மா வர்றாங்க."