பச்சை மாறாத நத்தைகள்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. அறந்தாங்கியில் மாலை நேரத் தட்டச்சு வகுப்பில் என் பக்கத்து இயந்திரத்தில் உட்காரும் சோபியாவிடமிருந்து எடுத்தது. பகலில் அவள் மணமேல்குடிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். ஓடில்லாத கடல் நத்தைகளுக்குப் பாசி போட்டு, எதைத் தின்கின்றன என்று குறித்து வைப்பது வேலை. இந்த இயந்திரத்தில் அடித்ததை அழிக்க முடியாது. தவறிய வரிகளும் அப்படியே நிற்கும்.

2

நீலக்கடலின் பேரலைகள்

(இல்லை. எங்கள் கடல் சேற்று நிறம். பெரிய அலையும் கிடையாது.)

தொட்டியின் முன் நின்று சோபியா கண்ணீர்

(அழுததாக அவள் சொல்லவில்லை.)

தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். இந்த நத்தை பாசியைக் கடித்து மெல்லாது. ஒற்றைப் பல்லால் துளைத்துச் சாற்றை உறிஞ்சும். அதிலுள்ள பச்சையை உடம்புக்குள் பல நாளுக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளும். உறிஞ்சிய இடத்தில் பாசி வெளுத்துவிடும்.

முதல் தொட்டியில் திராட்சைக்கொத்து போன்ற பாசி. அங்கங்கே வெளுத்திருக்கிறது. இரண்டாவதில் கீரை போன்ற தட்டைப் பாசி. நத்தைகள் அதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன; பாசி வெளுக்கவே இல்லை. நத்தைகள் சிறுத்து வருகின்றன, நிறம் மட்டும் மாறவில்லை. ஆய்வை நடத்தும் ரகுநாத் வந்து பார்த்துவிட்டு, "தின்கிறது" என்று எழுதச் சொல்லிவிட்டார்.

[அவரைக் கெட்டவராக எழுத நினைத்தேன். ஆனால் அந்தப் பச்சையைப் பார்த்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.]

3

சோபியா அந்த நத்தைகளை அள்ளி முதல் தொட்டியில் விட்டதாக எழுதி, அவளிடமே படிக்கக் கொடுத்தேன்.

"என்னடி ஈஸ்வரி, நான் எப்ப மாத்துனேன்?"

"மாத்தணும்னு நீதானடி சொன்ன?"

"சொன்னேன். செஞ்சேனா? கதையில என்னைய மாதாவாக்கிப் பீடத்துல ஏத்திட்ட."

"சரி, சார்கிட்டயாவது சொல்லேன்."

"என்னன்னு? நீங்க பாத்தது பழைய பச்சை, அதுக பட்டினி கெடக்குதுன்னா? மொதல்லேர்ந்து செய்யணும்பாரு. அதுவரைக்கும் என்னைய வேலையில வச்சிருப்பாரா?"

"சொல்லலைன்னா?"

"செத்துரும்." தாளை என்னிடமே நீட்டினாள். "நீ முடிவு எழுதாத. விடிஞ்சா அந்தத் தொட்டி முன்னாடி நிக்கப்போறது நான்தான்."

4

ஆகவே நான் எழுதவில்லை.

யாருக்கும் சொல்லாமல் மாற்றிவிடலாம்: நத்தை பிழைக்கும், ஆய்வில் பொய் ஏறும். சொல்லிவிடலாம்: அவள் வேலை போகலாம். மூன்றாவது, அவள் வாயே திறக்காமல்

(இதை அடிக்க விரல் வரவில்லை.)

முடிவை உங்களிடம் விடுகிறேன். அவசரமில்லை, நிதானமாக யோசித்து

(இல்லை. அவை இன்னும் சாப்பிடவில்லை.)