கீழ்ப்பிடி

என் வீட்டுக்காரருக்குச் செருப்பு வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். கல்யாணமான புதிதில் வாங்கிய அளவு பத்தாமல் போய், கடைசியில் கடையிலேயே பெரிய ஜோடியும் கடிக்க ஆரம்பித்தது. மோதிரத்தை அறுத்துத்தான் எடுத்தோம். தாடை அகன்றது, தோள் விரிந்தது. நானோ பூரித்துப் போனேன்.

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர் வேலை. அந்தக் குழுவுக்கு என் அண்ணன்தான் தலைவர். மாடிப்படியில் பீரோ ஏறும்போது கீழே பிடிப்பவர் மேல்தான் பாரம் முழுக்க இறங்கும். "கீழ்ப்பிடிக்கு நம்மகிட்ட மலையே இருக்கு, என்ன கவலை!" என்று அண்ணன் மார்தட்டுவார். மலை என்பதுதான் குழுவில் என் வீட்டுக்காரரின் பட்டப்பெயர்.

வீட்டில் அந்த மலைக்கு ஒரு பாட்டில் மூடி திறக்க வராது. "நல்லா டிமிக்கி குடுக்குறீங்க" என்று பிடுங்கி நானே திறப்பேன். அவர் அசடு வழியச் சிரிப்பார்.

போன மாதம் படித் திருப்பத்தில் ஃப்ரிட்ஜ் அவர் கையை விட்டு நழுவியது. சுவரோடு ஒட்டிக்கொண்டு உயிர் தப்பினார், மணிக்கட்டு முறிந்தது. "மலையாம் மலை! குடிச்சிருக்கியா மாப்ள?" என்று தெருவே கேட்க அண்ணன் கத்தினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முறிந்த இடத்தை விட்டுவிட்டு அவர் விரல்களையே பார்த்தார். பழைய போட்டோ இருக்கிறதா என்றார். என் செல்போனில் இருந்த கல்யாணப் படத்தை வாங்கி என் வீட்டுக்காரரின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தில் இருந்தவர் யாரோ, இவர் யாரோ.

பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பியில சின்னக் கட்டி. அதனால வளர்ச்சி ஹார்மோன் கண்டபடி சுரக்குது. தசை பருத்திருக்கு, ஆனா பலம் குறைஞ்சுபோச்சு."

"ஆபரேஷன் பண்ணா பலம் திரும்புமா?" என்றார் அண்ணன்.

"கொஞ்சம் திரும்பலாம். பாரம் தூக்குற வேலை இனிமே சந்தேகம்தான். சில வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்."

அண்ணன் இடிந்துபோனார். எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது? பக்கத்தில் இருந்தவர் மேல்தான் பாய்ந்தேன்.

"கையில தெம்பு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்துச்சு?"

அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீயும் மச்சானும் என்னைப் பத்தி அவ்ளோ பெருமையாப் பேசிட்டிருந்தீங்க. எப்படிச் சொல்றது?"