எது நல்ல கம்பெனி

இரண்டுமே பூமிக்கடியில் கிடக்கும் வாயுவை எடுத்து டீசலாக்குகிற கம்பெனிகள்தான். வளைகுடாவில், கடலோரத்தில் இருப்பவை. அதில் எது நல்ல கம்பெனி என்று தேவாரம் என்ற ஊரில் தவசியின் வீட்டில் காலையிலிருந்து பஞ்சாயத்து நடந்தது. ஆள் பிடிக்கும் ஏஜெண்ட் சண்முகராஜ் நாற்காலியில் சாய்ந்து சொல்லச் சொல்ல, வெல்டர் தவசி ஒரு தாளின் நடுவே கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதினான். வாரத்தில் எத்தனை நாள் கறி, ஒரு ரூமுக்கு எத்தனை பேர், ஏசி உண்டா? மாடு வாங்கப் போகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இந்த மடையன் கறிக்குழம்பை எண்ணிக்கொண்டிருந்தான்.

அவன் அக்கா முருகம்மாளுக்கு வயிறு எரிந்தது. தாளில் முதலில் எழுதிய கம்பெனிக்குப் போன அவள் புருஷன் ஒச்சாண்டி, இரண்டு வருஷத்துக்கு முன்னால், 2006-இல், பெட்டியில்தான் வந்து சேர்ந்தான். உயரத்தில் குழாய்க்கு வெல்டிங் வைக்கும்போது விழுந்துவிட்டானாம். கூடவே கம்பெனியின் கடிதமும் வந்தது: பாதுகாப்பு பெல்ட் மாட்டாமல் ஏறினார், தவறு அவருடையதே. சைக்கிளுக்கே இரண்டு பூட்டுப் போடுகிற மனிதன் அவன். கடிதத்தை நம்பி ஊரும் அவனைத்தான் குறை சொன்னது. செத்தவன் எழுந்துவந்து மறுத்துப் பேசவா போகிறான்?

“அண்ணே, அந்தத் தாள்ல ஒண்ணு விட்டுப்போச்சு” என்றாள். “எந்தக் கம்பெனியில எத்தன பேரு செத்தாக? அதையும் சொல்லுங்க, எழுதட்டும்.”

சண்முகராஜ் முகத்தைச் சுளித்தான். “நல்ல காரியம் பேசுறப்ப என்ன தங்கச்சி இது? மாப்ள வேல பாத்தது அந்தக் கம்பெனி. இதுக்கும் அதுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இங்கன பெல்ட் மாட்டாம ஏணியில கால வைக்க விடமாட்டாக. நீயே பாரு.”

இரண்டாவது கம்பெனியின் வழவழப்பான புத்தகத்தை விரித்து நீட்டினான். சாரத்தின் மேல் ஹெல்மெட்டோடு ஐந்து பேர் நின்றிருந்தார்கள். நடுவில் ஒச்சாண்டி சிரித்துக்கொண்டிருந்தான். கழுத்தில், அவள் சின்னமனூரில் வாங்கி மடித்துக் கொடுத்த பச்சைத் துண்டு. இடுப்பில் பெல்ட். அதன் கொக்கி கம்பியில் மாட்டியிருந்தது.

அவள் புத்தகத்தை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

“ஏலே தவசி, இங்கன வா. இது யாருன்னு சொல்லு.”

தவசி குனிந்து பார்த்தான். “மச்சான்” என்றான்.

சண்முகராஜ் படத்தை எட்டிப் பார்த்தான். “ரெண்டுக்கும் ஒரே மொதலாளிதான் தங்கச்சி. பேருதான் வேற. அவுக குடுத்தத நான் கொண்டாந்தேன், எனக்கென்ன தெரியும்?”

“பெல்ட்டு மாட்டாத ஆளுன்னு எழுதி அனுப்புனாக. இப்ப பெல்ட்டுக்குச் சாட்சி அந்த மனுசந்தானா? கொன்னுட்டு, அவரையே காட்டியா என் தம்பியக் கூப்பிடுறீக? தூ!”

தவசி கையிலிருந்த தாளை நாலாய்க் கிழித்தான். சண்முகராஜ் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து கையை நீட்டினான்.

“அந்தப் புத்தகத்தக் குடு தங்கச்சி. எங்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு.”

முருகம்மாள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“எனக்கும் ஒரு புருசந்தான்யா இருந்தாரு. வச்சிட்டுப் போ.”