கல்லைச் சுற்றி ஒரு சதுரம்

அன்று ஊருணிக் கரையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் மனைவி மெய்யம்மை, எங்கள் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் தங்கச்சாமி. அன்னக்கிளி அங்கே இல்லை. அவளுடைய மகளிர் குழுவிலும் ஒருவர்கூட இல்லை.

ஊருணி என் பாட்டையா வெட்டியது. ஊர் இன்றும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. இரண்டு மழைக்காலமாகத் தெற்குக் கரை கரைந்து தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்ததால், பஞ்சாயத்து அந்த வேலையை அன்னக்கிளியின் குழுவிடம் கொடுத்தது. சரிவில் வெட்டிவேரும் அறுகும் நட்டு, மேலே தேங்காய் நாரில் பின்னிய போர்வையை விரித்து, முழத்துக்கு ஒரு மரமுளை அடித்தார்கள். மேல் ஓரத்தைப் பள்ளம் தோண்டிப் புதைத்தார்கள். புல் வேர் பிடிக்கும்வரை போர்வை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பிறகு தானே மக்கிவிடும்.

"கரைக்குக் குளிருதாக்கும்?" என்று மெய்யம்மை சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரையின் மேல் விளிம்பில் பதித்த கல்லில் பாட்டையாவின் பெயர் இருக்கிறது. போர்வை அதை மூடியிருந்தது. அன்னக்கிளியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மூணு மாசம் பொறுத்துக்கிருங்கய்யா. புல்லு பிடிச்சதும் நாங்களே கல்லைச் சுத்தி வெட்டி விட்டுர்றோம். இப்பத் தொட்டா தண்ணி உள்ள பூந்துரும்" என்றாள்.

பொறுத்திருக்கலாம். ஆனால் ஐப்பசி முதல் வாரம் தேவகோட்டையிலிருந்து புதுச் சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தது. கார் அந்தக் கரை வழியாகத்தான் வர வேண்டும். அவர்கள் வருவதற்கு முதல் நாள் மெய்யம்மையோடு கரைக்குப் போய், தங்கச்சாமியை அரிவாளோடு வரச் சொன்னேன்.

"வேணாங்கய்யா. அந்தப் பிள்ளை அம்புட்டுச் சொல்லிட்டுப் போயிருக்கு" என்றான்.

"எங்க பாட்டையா பேரைத் திறக்க நான் யாருகிட்டக் கேக்கணும்?"

அவன் கை எழவில்லை. அரிவாளை வாங்கி நானே அறுத்தேன். கல்லின் அளவுக்கு ஒரு சதுரம். மறுநாள் சம்பந்தி காரை நிறுத்தி இறங்கிக் கல்லைப் படித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நாலாம் நாள் மழை பிடித்தது. பாதைத் தண்ணீர் முழுவதும் அந்தச் சதுரத்தில் இறங்கி, போர்வைக்கு அடியில் ஓடி மண்ணை அரித்தது. கரையில் பத்தடி சரிந்து ஊருணிக்குள் விழுந்தது. மெய்யம்மை ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அடியில் செம்மண் தங்கியிருந்தது.

அன்னக்கிளி முளைகளை அடிக்காமல் விற்றுவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. அடுத்து வரவிருந்த கண்மாய்க் கரை வேலையை அவள் குழுவுக்குக் கொடுக்கக் கூடாது என்றார்கள். அவள் என்னிடம் வந்தாள். கையில் நார்ப் போர்வையின் ஒரு துண்டு.

"இது தானா அத்தது இல்லைங்கய்யா, அறுத்தது. நீங்க ஏதும் பாத்தீகளா?"

"மாடு கீடு இழுத்திருக்கும்."

"மாடு சதுரமா அறுக்குமாய்யா?"

எழுபத்தாறு வயதில், என் வீட்டு வாசலில், ஒரு பெண்ணிடம் பொய் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அதன்பிறகு மூன்று நாள் அந்தக் கரைப் பக்கமே நான் போகவில்லை.

வெள்ளிக்கிழமை பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து, அறுத்தவன் நான் என்று சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர், "அந்தப் பிள்ளையைக் காப்பாத்த ஐயா பழியைத் தன் தலையில போட்டுக்கிறாக. அந்த வீட்டு மனசு யாருக்கு வரும்!" என்றார். கை தட்டினார்கள். கண்மாய் வேலையையும் அவளுக்கே கொடுத்தார்கள். நான் மறுத்துப் பேசியதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் அன்னக்கிளி நின்றிருந்தாள்.

"வேலை கிடைச்சிருச்சுய்யா. திருடிக்கு உங்க தயவுல கிடைச்சதாப் பேசிக்கிறாக" என்றாள்.

ஆகவே இதை எழுதி, கையெழுத்துப் போட்டு, பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். ஊரில் சொல்வது தவறு. நான் யாருடைய பழியையும் ஏற்கவில்லை. அன்னக்கிளி அடித்த முளைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. போர்வையை அறுத்தது நான்.