கோணல் பல்

பற்கள் எல்லாம் போய்விட்ட அந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்குப் பல்செட்டை மாட்டி, கண்ணாடியை நீட்டினார் பல் டாக்டர்.

"அளவு பிசகாம அடுக்கியிருக்கேன். யார் பார்த்தாலும் அழகுன்னுதான் சொல்வாங்க."

டிரைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கோணல் முன்பல்லுக்கு வெட்கப்பட்டே ஆயுசைக் கழித்தவர் அவர். மனைவியிடம் திரும்பிப் பெருமையாகச் சிரித்தார்.

"எப்படி இருக்கேன்?"

"நல்லாத்தான் இருக்கு, யாரோ மேனேஜர் மாதிரி," என்றவளுக்குக் கண் கலங்கியது.

"இதுக்கு ஏன் அழறே?"

"அந்தக் கோணல் பல்லு எங்கேங்க?"

"அந்த அசிங்கமா?"

"அசிங்கமா? அது எட்டிப் பார்க்கணும்னுதானே இத்தனை வருஷமா உங்களைச் சிரிக்க வெச்சேன்!"

அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். "டாக்டர், அந்த முன்பல்லை இப்போ கோணலா மாத்தி வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

"இது மாட்டிப் பார்க்கத்தான், பல்லெல்லாம் இன்னும் மெழுகுலதான் நிக்குது, முடியும். ஆனா கோணலா வெச்சா என் பேர் கெட்டுடுமே ஐயா!"

"கெட்டா கெட்டுட்டுப் போகட்டும்."

டாக்டர் சிரித்துக்கொண்டே பல்செட்டைக் கழற்றி, மெழுகை இளக்கினார். "எவ்வளவு சாய்க்கணும்?"

டிரைவர் விழித்தார். அந்தப் பல்லை அவர் ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"அவரை ஏன் கேக்கறீங்க டாக்டர், அவருக்கு என்ன தெரியும்? நான் சொல்றேன்."