மூன்றாம் சரணம்

வெந்த உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்த ரோஸ்விதா, வானொலியில் லோதரின் குரலைக் கேட்டுக் கையை நிறுத்தினாள். நாற்பது வருடம் கழித்தும் அதே குழைவு. 'சிவப்பு லிஃப்ட்' பாட்டு பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான், அதன் இசையமைப்பாளன்.

"மூணாவது சரணத்துல குரல் ஒரு இடத்துல உடையும் பாருங்க, அது நடிப்பில்ல. அன்னிக்குத்தான் மார்லீஸோட அப்பா சாகக் கிடக்கார்னு போன் வந்துச்சு. 'பாட்டு கிடக்குது, நீ கிளம்பும்மா'ன்னேன். அவ கேக்கல. பாடிட்டுத்தான் போவேன்னு நின்னா."

கைக்குள் கிழங்கு நசுங்கி விரலிடுக்கில் பிதுங்கியது. சுட்டது. அவள் உதறவில்லை.

மார்லீஸ் அந்தப் பாட்டில் ஓர் எழுத்துகூடப் பாடியதில்லை. எழுபத்தேழில், ம்யூனிக்கின் ஒரு நிலவறை ஸ்டுடியோவில் பாடியவள் ரோஸ்விதா. அப்போது வயது இருபத்து நாலு; குட்டை, முன்பல் கொஞ்சம் எடுப்பு. "முகத்துக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்று லோதர் சொன்னபோது அவளும் சேர்ந்து சிரித்தாள். மேடை மேடையாக வாயசைத்த மார்லீஸ்மேல் பெரிய பகை இருந்ததில்லை. கல்யாணங்களிலும் கடைகளிலும் தன் குரல் தன்னைத் தெரியாததுபோல் கடந்துபோவதைக் கேட்டுப் பழகியிருந்தாள். குரலை எடுத்துக்கொண்டார்கள், சரி. அப்பாவையுமா?

அந்த போன் பிறந்த ஊரான பாஸாவிலிருந்து ரோஸ்விதாவுக்கு வந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவளைக் கதவருகே மறித்து நின்றான் லோதர். "ஒரே ஒரு தடவை, ரோஸி. அடுத்த ரயில் இல்லையா என்ன? அதுக்குள்ள செத்தா போயிடுவாரு?" ஒரு தடவை பதினோரு தடவை ஆயிற்று. அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். ஏன் தாமதம் என்று அம்மா கடைசிவரை கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் தேவலை.

சனிக்கிழமை காலை ஓர் இசைத்தட்டுக் கடையில் லோதரும் மார்லீஸும் ரசிகர்களைச் சந்திக்கிறார்கள் என்று வானொலி சொல்லி முடித்தது. ரோஸ்விதா போனாள். கடை நிறைய நரைத்த தலைகள். கேள்வி கேட்க மைக் சுற்றி வந்தபோது எட்டி வாங்கினாள்.

"மார்லீஸ், உங்கப்பா எப்ப செத்தாரு?"

கூட்டம் முகம் சுளித்தது. "வேற கேள்வி கேளுங்களேன்" என்றான் லோதர். மார்லீஸ் தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "தொண்ணூத்தி மூணுல."

லோதர் சிரித்தான். "வயசாயிடுச்சில்ல, எங்க ரெண்டு பேருக்கும் வருஷமெல்லாம் குழம்புது." கூட்டமும் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் ரோஸ்விதாவுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தப் பாட்டைப் பாடினது நான். எழுபத்தேழுல செத்தது எங்கப்பா! பேரு அலாய்ஸ். 'கிளம்பும்மா'ன்னு நீ சொல்லல லோதர். வாசலை மறிச்சுக்கிட்டு நின்னே."

"யாரும்மா நீங்க?" என்றான் லோதர். கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, வாய்தான் கேட்டது.

"நீங்கதான் பாடினீங்கன்னா, எங்கே, பாடிக் காட்டுங்க!" பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"மாட்டேன். உங்களுக்குப் பாடினது போதும்."

கடைக்காரர் மைக்கை அணைத்திருந்தார். கடைசி வார்த்தைகள் முன்வரிசையோடு நின்றுபோயின. மைக்கை அங்கிருந்த நாற்காலியில் போட்டுவிட்டு வெளியேறினாள். தூறல். டிராம் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

மார்லீஸ் கோட்டுகூட இல்லாமல் பின்னாலேயே ஓடிவந்திருந்தாள்.

"வாயசைக்கறப்ப அந்த இடம் வந்தா கண்ணை மூடிக்குவேன்" என்றாள், மூச்சிரைக்க. "யாரோ நிஜமாவே அழறாங்கன்னு தெரியும். யாருன்னு கேட்டதில்ல."

"கேட்டிருக்கணும்."

"ஆமா. கேட்டிருக்கணும். நாளைக்கே வானொலிக்குப் போயி நான்..."

"நாப்பது வருஷமா வராத நாளையா?"

டிராம் வந்தது. ரோஸ்விதா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கதவு மூடியது. மார்லீஸ் நனைந்த உள்ளங்கையை வெளிக்கண்ணாடியில் வைத்து ஏதோ சொன்னாள். உதடுகள் அசைந்தன, சத்தம் உள்ளே வரவில்லை. வண்டி நகர்ந்தது. ஐந்து விரல்களின் ஈரத்தடங்களும் நீளமாக இழுபட்டுக் கண்ணாடியோடு கொஞ்ச தூரம் வந்தன. பிறகு மழை வலுத்தது.